ஒன்பது மாதப் பிள்ளையும் நேர்சரிக் காசும்: அரசாங்கம் எவ்வளவு தரும், எப்போது கேட்க வேண்டும்?

கேள்வி: நாங்கள் லண்டனில் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறோம். மகனுக்கு 2025 டிசம்பர் 10ஆம் திகதியோடு ஒன்பது மாதம் முடிகிறது. நான் கெயார் ஹோமில் கிழமைக்கு மூன்று நாள், 24 மணித்தியாலம் வேலை. 2026 ஜனவரி 12 திரும்பப் போக வேண்டும். கணவர் சொந்தமாக டெலிவரி வான் ஓடுகிறார். நேர்சரியில் ஒரு நாளைக்கு 80 பவுண் கேட்கிறார்கள். "30 மணித்தியாலம் இலவசம், ஒரு பென்ஸும் கட்டத் தேவையில்லை" என்று சினேகிதி சொன்னா. நேர்சரிக்காரரோ மாதம் 400க்கு மேல் வரும் என்கிறார்கள். யார் சொல்வது சரி? பேசாமல் யாழ்ப்பாணத்தில் இருந்து அம்மாவைக் கூப்பிட்டு விடலாமா என்றும் யோசிக்கிறோம்.

பதில்:

இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, தங்கச்சி. இலவச மணித்தியாலமும் உண்மை, மாதம் 400 என்பதும் உண்மை. எப்படி என்று கீழே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். அதற்கு முதல் டிசம்பர் 31 என்று ஒரு தாளில் பெரிதாக எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். இந்த உதவியில் ஆட்கள் காசை இழப்பது தகுதி இல்லாததால் அல்ல. பலர் திகதியைத் தவறவிட்டுத்தான் இழக்கிறார்கள். நான் கணக்குப் பார்க்கிற அலுவலகத்தில் வேலை செய்கிறேன். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வகுப்பில் இருக்க, வெளியே தேத்தண்ணிக் கோப்பையோடு நிற்கிற தாய் தகப்பன்மார் போனை நீட்டி "அக்கா, இதை ஒருக்காப் பாருங்கோ" என்று காட்டுவது பெரும்பாலும் இந்தத் திகதிப் பிரச்சினையைத்தான்.

நானும் அதில் அடிபட்டவள்தான். என் இரண்டாவது மகளுக்கு 2018 நவம்பரில் மூன்று வயதானது. அப்போது 30 மணித்தியாலம் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். நத்தார் விடுமுறை முடியட்டும், ஆறுதலாக விண்ணப்பிக்கலாம் என்று இருந்துவிட்டு ஜனவரி 3ஆம் திகதி கணினிக்கு முன் உட்கார்ந்தேன். தகுதி இருந்தது, அதற்கு அத்தாட்சியாக நேர்சரியிடம் கொடுக்கிற குறியீட்டு இலக்கமும் உடனே வந்தது. நேர்சரி மனேஜர் அதைப் பார்த்துவிட்டு, "இது ஏப்ரலில் இருந்துதான் செல்லும்" என்றா. மூன்று நாள் பிந்தியதற்கு ஒரு தவணை முழுவதும் பாதி மணித்தியாலத்துக்குக் காசு கட்டினேன். கிட்டத்தட்ட ஆயிரம் பவுண். ஊருக்குக் கணக்குப் பார்க்கிறவள் வீட்டில் நடந்த கதை இது.

சரி, ஏன் இப்படி? இங்கிலாந்தில் இந்த உதவி பிள்ளையின் பிறந்தநாளில் தொடங்குவதில்லை, பள்ளித் தவணையோடு தொடங்குகிறது. வருடத்துக்கு மூன்று தொடக்கம்: ஜனவரி 1, ஏப்ரல் 1, செப்டெம்பர் 1. பிள்ளை குறிப்பிட்ட வயதை அடைந்த பிறகு வருகிற அடுத்த தவணையில்தான் இடம். அந்தத் தவணை தொடங்குவதற்கு முதல்நாளுக்குள், அதாவது டிசம்பர் 31, மார்ச் 31, ஓகஸ்ட் 31க்குள், உங்கள் கையில் குறியீட்டு இலக்கம் இருக்க வேண்டும். உங்கள் மகனுக்கு டிசம்பர் 10இல் ஒன்பது மாதம். ஆகவே ஜனவரித் தவணை அவனுக்குரியது. விண்ணப்பம் அரசாங்க இணையத்தளத்தில்தான். அங்கே சொல்கிற அறிவுரை ஒக்டோபர் நடுப்பகுதிக்கும் நவம்பர் முடிவுக்கும் இடையில் விண்ணப்பியுங்கள் என்பது. அதையே நானும் சொல்கிறேன். சில விண்ணப்பங்கள் உடனே முடியும். சிலதுக்கு வருமானத்தையும் அடையாளத்தையும் சரிபார்க்க நாட்கள் எடுக்கும். குறிப்பாகக் கணவர் சுயதொழில் என்பதால் உங்களிடம் கூடுதலாக ஏதாவது கேட்கலாம்.

பிரசவ விடுமுறையில் இருப்பவர்களுக்கு இன்னொரு திகதியும் இருக்கிறது. ஜனவரித் தவணையில் இடம் வேண்டுமானால் ஜனவரி 31க்குள் வேலைக்குத் திரும்ப வேண்டும். ஏப்ரல் தவணைக்கு ஏப்ரல் 30, செப்டெம்பர் தவணைக்கு செப்டெம்பர் 30. நீங்கள் ஜனவரி 12 போகிறீர்கள், பிரச்சினை இல்லை. ஆனால் மனேஜர் "இன்னும் ஒரு மாதம் லீவு எடுங்கோவன்" என்று அன்பாகச் சொன்னால், பெப்ரவரிக்குத் தள்ளாதீர்கள்.

இப்போது யாருக்குக் கிடைக்கும் என்பது. 2023 மார்ச்சில் அப்போதைய நிதியமைச்சர் ஜெரமி ஹன்ட் வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்ததுதான் இன்றைய ஏற்பாடு. ஒரேயடியாக வரவில்லை, படிப்படியாக வந்தது. 2024 ஏப்ரலில் இரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு 15 மணித்தியாலம், அந்த செப்டெம்பரில் ஒன்பது மாதத்தில் இருந்தே 15, 2025 செப்டெம்பரில் அது 30. முன்பு பிறந்த பிள்ளைகளுக்குக் கிடைக்காதது உங்கள் மகனுக்குக் கிடைப்பது இதனால்தான். பழைய ஆட்களிடம் கேட்டால் பழைய விதியைத்தான் சொல்வார்கள், கவனம்.

நிபந்தனை, தாய் தகப்பன் இரண்டு பேரும் வேலை செய்ய வேண்டும் என்பது. தனியாகப் பிள்ளை வளர்ப்பவர் என்றால் அவர் ஒருவர் போதும். ஒவ்வொருவரும் குறைந்தது கிழமைக்கு 16 மணித்தியாலம் குறைந்தபட்சச் சம்பளத்தில் வேலை செய்தால் வருகிற அளவு உழைக்க வேண்டும். 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 2025-26 வரி வருடத்தில் அது கிழமைக்கு 195 பவுண், மூன்று மாதத்துக்கு 2,539 பவுண். ஒவ்வொரு ஏப்ரலிலும் குறைந்தபட்சச் சம்பளம் ஏறும்போது இதுவும் ஏறும். 16 மணித்தியாலம் வேலை செய்கிறீர்களா என்று யாரும் எண்ணுவதில்லை, வருமானத்தைத்தான் பார்க்கிறார்கள். 24 மணித்தியாலம் வேலை செய்கிற உங்களுக்கு இது தாராளமாகத் தாண்டும்.

கணவர் விஷயத்தில் இரண்டு சொல். சுயதொழிலில் பார்ப்பது கைக்கு வந்த மொத்தக் காசை அல்ல, டீசல், வான் இன்சூரன்ஸ் எல்லாம் கழித்து மிஞ்சுகிற இலாபத்தை. வரி குறைய வேண்டும் என்று செலவுகளை நீளமாக எழுதி இலாபத்தைத் தரையில் போட்டுவிட்டு, பிறகு "எனக்கு ஏன் 30 மணித்தியாலம் தரவில்லை" என்று கேட்பவர்களைக் கண்டிருக்கிறேன். ஒரே வாயால் வரிக்காரருக்கு வருமானம் இல்லை என்றும், பிள்ளைக்காக வருமானம் இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. இரண்டு கடிதமும் போவது வரித் திணைக்களமான ஒரே எச்.எம்.ஆர்.சி.க்குத்தான். கடைகளில் பாதிச் சம்பளம் சீட்டிலும் பாதி கையிலும் வாங்குபவர்களுக்கும் இதே கதைதான், சீட்டில் உள்ளதுதான் கணக்கு. ஆனால் அவருக்குச் சாதகமான விதியும் உண்டு. தொழில் தொடங்கி 12 மாதம் ஆகவில்லை என்றால் இந்தக் குறைந்தபட்ச வருமானம் அவருக்குத் தேவையே இல்லை. அதற்குப் பிறகும், இந்த மூன்று மாதம் ஓட்டம் குறைவு என்றால் முழு வரி வருடத்தின் சராசரியைக் காட்டலாம்.

மேல் எல்லையும் ஒன்று இருக்கிறது. இருவரில் ஒருவரின் வருட வருமானம் 100,000 பவுணைத் தாண்டினாலே முழுதும் போய்விடும், மற்றவர் எவ்வளவு குறைவாக உழைத்தாலும் சரி. இருவரும் தலா 99,000 உழைத்தால் கிடைக்கும், ஒருவர் 101,000 உழைத்து மற்றவர் 15,000 உழைத்தால் கிடையாது. விசித்திரமான விதிதான். உங்களுக்கு இது பொருந்தாது. ஐடியில் இருக்கிற தம்பிமார் யாராவது வாசித்தால், ஓய்வூதியத்தில் கூடுதலாகப் போட்டு அந்தக் கோட்டுக்குக் கீழே வருவது சட்டப்படி சரியான வழி.

விசாவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதை வாசிப்பவர்களில் ஸ்கில்ட் வேர்க்கர் விசாவில் வந்தவர்களும் இருப்பீர்கள். கணவன் மனைவியில் ஒருவராவது பிரிட்டிஷ் அல்லது ஐரிஷ் குடியுரிமையோ, செட்டில்ட் அல்லது பிரீ-செட்டில்ட் அந்தஸ்தோ, அரசாங்க உதவி பெற அனுமதியுள்ள விசாவோ வைத்திருக்க வேண்டும். இருவரின் விசாவிலும் பொது நிதி, அதாவது அரசாங்க உதவிக் காசு, எடுக்கக் கூடாது என்று இருந்தால் வேலை செய்யும் பெற்றோருக்கான 30 மணித்தியாலத்துக்கு விண்ணப்பிக்காதீர்கள்.  ஆனால் ஒன்றுமே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். மூன்று வயது முடிந்த பிள்ளைக்கு அடுத்த தவணையில் இருந்து கிழமைக்கு 15 மணித்தியாலம் எல்லாருக்கும் உண்டு. விசாவும் பார்ப்பதில்லை, வேலையும் பார்ப்பதில்லை. இரண்டு வயதுப் பிள்ளைக்கும், வருமானம் குறைவு என்றால், 15 மணித்தியாலம் உண்டு. பொது நிதி எடுக்க முடியாத குடும்பம் லண்டனில் ஒரு பிள்ளையோடு இருந்தால் வருட வருமானம் 34,500 பவுண் வரை, இரண்டு அல்லது கூடுதல் பிள்ளைகள் என்றால் 38,600 வரை. சேமிப்பு 16,000க்கு மேல் இருக்கக் கூடாது. லண்டனுக்கு வெளியே இந்த வருமான எல்லைகள் குறைவு. இதற்குக் கவுன்சிலிடம் கேட்க வேண்டும். கேட்காததால் எடுக்காமல் விட்ட குடும்பங்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து இருக்கின்றன.

இனி அந்த 400 பவுண் எங்கே இருந்து வருகிறது என்று பார்ப்போம்.

"கிழமைக்கு 30 மணித்தியாலம்" என்பதில் ஒளிந்திருப்பது, அது வருடத்துக்கு 38 கிழமைக்குத்தான் என்பது. பள்ளிக்கூடம் நடக்கிற கிழமைகள் மட்டும். 30ஐ 38ஆல் பெருக்கினால் 1,140. உண்மையில் அரசாங்கம் தருவது வருடத்துக்கு 1,140 மணித்தியாலம். கெயார் ஹோமுக்குப் பள்ளி விடுமுறை இல்லையே, ஆகவே உங்களைப் போன்றவர்களுக்கு நேர்சரிக்காரர் இதை வருடம் முழுவதற்கும் பரப்பிக் கொடுப்பார்கள். 51 கிழமைக்குப் பரப்பினால் கிழமைக்கு 22 மணித்தியாலத்துக்குச் சற்று மேல் வரும். நீங்கள் மூன்று நாள், காலை 8 முதல் மாலை 6 வரை விடுகிறீர்கள் என்று வைப்போம். அது கிழமைக்கு 30 மணித்தியாலம், வருடத்துக்கு 1,530. அதில் 1,140 போக மீதி 390 மணித்தியாலம். நாளைக்கு 80 பவுண் என்றால் மணித்தியாலத்துக்கு 8 பவுண். 390க்கு 3,120 பவுண் நீங்கள் கட்ட வேண்டும். பரப்பாமல் 38 கிழமைக்கே முழுதாக எடுத்தால் அந்தக் கிழமைகள் இலவசம், மிச்ச 13 கிழமைக்கும் 240 வீதம் முழுக்காசு. அதுவும் அதே 3,120தான். எப்படி வெட்டினாலும் ஒரே பாண்.

மாதத்துக்கு அது 260தான். 400க்கு மீதி எங்கே? போன மாதம் ஒரு தகப்பன் கொண்டுவந்து காட்டிய பில்லைச் சொல்கிறேன். மூன்றே வரி. முதல் வரியில் இலவச மணித்தியாலம், எதிரே பூச்சியம். இரண்டாவதில் கூடுதல் மணித்தியாலம், அதற்குரிய தொகை. மூன்றாவதில் நாளைக்கு 12 பவுண் என்று ஒரு தொகை. என்ன அது என்று கேட்டால் மத்தியானச் சாப்பாடு, நாப்பி, துடைக்கிற ஈரத்தாள், சன் கிரீம். உங்கள் நேர்சரியும் அப்படி 12 பவுண் எடுக்கிறது என்று வைத்தால், வருடத்துக்கு 153 நாளுக்கு 1,836 பவுண். 3,120உம் 1,836உம் சேர்ந்து 4,956. பன்னிரண்டால் பிரித்தால் மாதம் 413. நேர்சரிக்காரர் சொன்ன "400க்கு மேல்" இப்படித்தான் வந்திருக்கும். உதவி இல்லாமல் முழுக்காசு கட்டினால் 12,240, மாதம் 1,020 பவுண் வந்திருக்கும் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அந்த மூன்றாவது வரியைப் பற்றி நீங்கள் பேச முடியும், பேசவும் வேண்டும். இலவச மணித்தியாலத்துக்கு மேலாகச் சாப்பாட்டுக்கும் நாப்பிக்கும் நேர்சரி காசு கேட்கலாம், ஆனால் அதைக் கட்டினால்தான் இலவச இடம் என்று நிபந்தனை போட முடியாது. அரசாங்கத்தின் வழிகாட்டலில் இது தெளிவாக இருக்கிறது. நாப்பியை வீட்டில் இருந்து கொண்டுவருகிறேன், சோறும் பருப்பும் குழைத்து டப்பாவில் கட்டித் தருகிறேன் என்று நீங்கள் சொன்னால் அதற்கு ஒரு வழி செய்ய வேண்டும். இலவச மணித்தியாலத்துக்கு "எங்கள் மணித்தியாலக் காசு அரசாங்கம் தருவதைவிடக் கூட, வித்தியாசத்தை நீங்கள் கட்டுங்கள்" என்று கேட்கவே கூடாது. பில்லில் எது எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டவும் வேண்டும். ஒரே தொகையாகப் போட்டிருந்தால் பிரித்துத் தரச் சொல்லுங்கள். இழுத்தடித்தால் உங்கள் பகுதிக் கவுன்சிலில் இதற்கென்று ஒரு பிரிவு இருக்கிறது, முறையிடலாம்.

இதைச் சொல்லும்போது நேர்சரிக்காரர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள மூன்று பிள்ளைகளுக்கு ஒரு ஆள் கட்டாயம். இரண்டு வயதில் ஐந்துக்கு ஒருவர், மூன்று வயதுக்கு மேல் எட்டுக்கு ஒருவர். குழந்தை அறைதான் அவர்களுக்கு அதிகச் செலவு, அதில்தான் இடமும் குறைவு. அரசாங்கம் கவுன்சில் வழியாக அவர்களுக்குத் தருகிற மணித்தியாலக் காசு போதாது என்பது அவர்களின் நெடுநாள் குறை. அந்த ஓட்டையைச் சாப்பாட்டு வரியில் அடைக்கிறார்கள். காரணம் புரிகிறது என்பதற்காக முழுதையும் கட்ட வேண்டும் என்றில்லை. சண்டை பிடிக்காமல், சிரித்த முகத்தோடு "நாங்கள் சாப்பாடு கொண்டுவந்தால் எவ்வளவு குறையும்?" என்று கேளுங்கள். பிள்ளையை அவர்கள் கையில்தான் விடப்போகிறோம்.

அப்புறம், மீதிக் காசுக்கும் அரசாங்கம் உதவும். இங்கேதான் நீங்கள் இரண்டு பாதையில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும்.

முதல் பாதை டாக்ஸ்-ஃப்ரீ சைல்ட்கெயார். பெயரைப் பார்த்து வரியில் ஏதோ கழிவு என்று நினைக்க வேண்டாம், இது ஒரு கணக்கு. நீங்கள் 8 பவுண் போட்டால் அரசாங்கம் 2 பவுண் போட்டு 10 ஆக்கும். அந்தக் கணக்கில் இருந்து நேர்சரிக்குக் கட்டுவீர்கள். ஒரு பிள்ளைக்கு மூன்று மாதத்தில் 500 பவுண், வருடத்தில் 2,000 பவுண் வரை அரசாங்கம் தரும். இயலாமை உள்ள பிள்ளை என்றால் இதைப் போல இருமடங்கு. 30 மணித்தியாலத்துக்கு உள்ள அதே வருமான நிபந்தனைதான், ஒரே விண்ணப்பத்தில் இரண்டையும் கேட்கலாம். உங்கள் கணக்கில் கூடுதல் மணித்தியாலத்துக்கான 3,120ஐ மட்டும் இதன் வழியாகக் கட்டினாலே அரசாங்கம் 624 தரும். மாதம் 413 என்பது 361 ஆகும். நாப்பியும் சாப்பாடும் வீட்டில் இருந்து போனால் 208 வரை இறங்கலாம். இந்தக் கணக்கு பிள்ளைக்கு 11 வயதாகி அடுத்த செப்டெம்பர் 1 வரை ஓடும், பள்ளி முடிந்த பின் கிளப்புக்கும் விடுமுறைக் கிளப்புக்கும் பயன்படுத்தலாம். ஆறு வயதுப் பிள்ளைக்குக் கிளப் காசு கட்டுகிற பலருக்கு இது இன்னும் தெரியாது.

இரண்டாவது பாதை யூனிவர்சல் கிரெடிட், வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் தருகிற உதவி. நீங்கள் வாடகை வீட்டில் இருந்து, இருவரின் வருமானமும் நடுத்தரத்துக்குக் கீழே என்றால் உங்களுக்கு இது வரக்கூடும், ஏற்கெனவே எடுக்கிறீர்களாகவும் இருக்கலாம். கேள்வியில் நீங்கள் சொல்லவில்லை. இதில் பிள்ளை பராமரிப்புச் செலவில் 85 சதவீதம் வரை திரும்பத் தருவார்கள். 2025-26 வரி வருடத்தில் ஒரு பிள்ளைக்கு மாதம் 1,031 பவுண் 88 பென்ஸ் வரை, இரண்டு அல்லது கூடுதல் பிள்ளைகளுக்கு 1,768 பவுண் 94 பென்ஸ் வரை. உங்கள் கூடுதல் மணித்தியாலம் மாதத்துக்கு 260 பவுண் என்று எடுத்தால் 85 சதவீதம் 221. டாக்ஸ்-ஃப்ரீ பாதையில் அதே 260க்கு 52தான். வித்தியாசம் தெரிகிறதா? ஆகவே யூனிவர்சல் கிரெடிட் எடுப்பவர்கள் அவசரப்பட்டு மற்றக் கணக்கைத் திறந்துவிடாதீர்கள். இரண்டையும் ஒன்றாக எடுக்க முடியாது. 30 மணித்தியாலத்தை மட்டும் கேட்டு, டாக்ஸ்-ஃப்ரீ வேண்டாம் என்று விட்டுவிடலாம், அது யூனிவர்சல் கிரெடிட்டைப் பாதிக்காது. வருமானம் ஒரு பவுண் ஏறினால் யூனிவர்சல் கிரெடிட்டில் 55 பென்ஸ் குறையும். அதனால் எல்லையில் நிற்கிற குடும்பங்கள் இரண்டையும் எழுதிப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். சுயதொழில் கணவருக்கு அங்கே வேறு சில விதிகளும் உண்டு, அதையும் கேட்டுவிடுங்கள்.

யூனிவர்சல் கிரெடிட்டில் உள்ள தலையிடி, நீங்கள் முதலில் கட்டிவிட்டுப் பிறகு கேட்பது. முதல் மாதக் காசுக்கும் முற்பணத்துக்கும் கையில் இல்லாமல் வேலைக்குத் திரும்ப முடியாமல் இருந்த தாய்மார் எத்தனையோ பேர். 2023 நடுப்பகுதியில் இருந்து அந்த முதல் மாதக் காசுக்கு உதவி கேட்கலாம். ஜொப் சென்டரில் உங்களைக் கவனிக்கிற அலுவலரான வேர்க் கோச்சிடம் கேட்க வேண்டும், அவர்களாகச் சொல்லமாட்டார்கள். அதன்பிறகு ஒவ்வொரு மாதமும் கட்டிய பற்றுச்சீட்டைப் பிந்தாமல் ஏற்றுங்கள்.

குறியீட்டு இலக்கம் கிடைத்துவிட்டது, நேர்சரியிடம் கொடுத்தாச்சு என்றால் வேலை முடியவில்லை. அந்த இலக்கம், உங்கள் என்.ஐ. (நேஷனல் இன்சூரன்ஸ்) இலக்கம், பிள்ளையின் பிறந்த திகதி மூன்றையும் கொடுங்கள். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை "எங்கள் நிலைமை மாறவில்லை" என்று கணக்குக்குள் போய் உறுதிப்படுத்த வேண்டும். இரண்டு நிமிட வேலை. ஆனால் நினைவூட்டல் மின்னஞ்சல் வேண்டாத கடிதங்களோடு போய் விழுந்து, யாரும் பார்க்காமல், இலக்கம் காலாவதியாகிவிடும். முடிவுத் திகதிக்கு நாலு கிழமைக்கு முன்பே உறுதிப்படுத்தலாம், அதனால் நிலத்தில் விழும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆர்வக்கோளாறில் முன்கூட்டியே, செப்டெம்பரிலேயே விண்ணப்பித்தவர்களும் அகப்படுகிறார்கள். அவர்களின் மூன்று மாதம் டிசம்பரில் முடியும். தவணை தொடங்கும் முன்பே மறுபடி உறுதிப்படுத்தாவிட்டால் ஜனவரிக்கு இலக்கம் செத்துக் கிடக்கும். நீங்கள் நவம்பர் முதல் கிழமையில் செய்தால் பெப்ரவரியில் அடுத்தது. போனில் அலாரம் வையுங்கள், கணவரின் போனிலும் சேர்த்து.

ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் இருப்பவர்கள் மேலே சொன்ன மணித்தியாலக் கணக்கை அப்படியே எடுக்க வேண்டாம். ஸ்கொட்லாந்தில் மூன்று, நான்கு வயதுக்கு 1,140 மணித்தியாலம், பெற்றோர் வேலை செய்கிறார்களா என்று பார்ப்பதில்லை. வேல்ஸில் அதே வயதுக்கு வேலை செய்யும் பெற்றோருக்கு 30 மணித்தியாலம், ஆனால் 48 கிழமைக்கு. வட அயர்லாந்தில் டாக்ஸ்-ஃப்ரீ கணக்கு வைத்திருப்பவர்களுக்குக் கட்டணத்தில் மேலதிகமாக 15 சதவீதக் கழிவு. டாக்ஸ்-ஃப்ரீயும் யூனிவர்சல் கிரெடிட்டும் நாலு இடத்திலும் உண்டு.

அம்மாவைக் கூப்பிடுகிற விஷயத்துக்கு வருகிறேன். அம்மம்மாவின் மடிக்கு எந்த நேர்சரியும் ஈடாகாது, அதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் பார்வையாளர் விசாவில் வருகிறவர் ஒரு தடவையில் வழக்கமாக ஆறு மாதம்தான் நிற்கலாம். மாறி மாறி வந்து இங்கேயே குடியிருப்பது போல ஆனால் அடுத்த விசா கிடைப்பது கஷ்டம். அவ திரும்பிப் போகிற நாளில் நேர்சரியைத் தேடினால் குழந்தை அறையில் இடம் இருக்காது. அம்மம்மா பார்ப்பதற்கு அரசாங்கம் காசும் தராது. டாக்ஸ்-ஃப்ரீ கணக்கில் இருந்து கட்ட முடிவது பதிவு செய்தவர்களுக்குத்தான். அம்மா மார்ச்சில் வரட்டும், பேரனோடு இருக்கட்டும், பனங்கிழங்கும் கொண்டுவரட்டும். நேர்சரி இடத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இங்கேயே வசிக்கிற பேரன் பேத்தியைப் பார்க்கிற பாட்டா பாட்டிமாருக்கு ஒன்று இருக்கிறது, அநேகருக்குத் தெரியாது. அவர்களுக்கு அரச ஓய்வூதிய வயது வரவில்லை என்றால், 12 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையைப் பார்த்த காலத்துக்கு நேஷனல் இன்சூரன்ஸ் வரவு கேட்கலாம். பிள்ளையின் தாய் சைல்ட் பெனிஃபிட் (பிள்ளைக்காக அரசாங்கம் தருகிற கொடுப்பனவு) எடுத்து, வேலையும் செய்து, தனக்குத் தேவைப்படாத அந்த வரவை மாமிக்கோ அம்மாவுக்கோ மாற்றிக் கொடுக்க வேண்டும். கைக்குக் காசு வராது, ஓய்வூதிய வருடம் சேரும். கடையை விட்டுவிட்டுப் பேரனைப் பார்க்க வந்த 60 வயது மாமியாருக்கு அது பெரிய விஷயம். சைல்ட் பெனிஃபிட் நீங்கள் எடுக்கிறீர்கள்தானே? 2025-26 வரி வருடத்தில் முதல் பிள்ளைக்குக் கிழமைக்கு 26 பவுண் 5 பென்ஸ். இல்லை என்றால் இன்றைக்கே போடுங்கள், மூன்று மாதத்துக்குத்தான் பின்னோக்கித் தருவார்கள்.

நேர்சரியைத் தவிர பிள்ளைப் பராமரிப்பைக் கண்காணிக்கிற அரச அமைப்பான ஒஃப்ஸ்டெட்டில் பதிந்த சைல்ட்மைண்டரிடமும் (தன் வீட்டில் பிள்ளை பார்க்கிறவர்) இந்த 30 மணித்தியாலத்தைப் பயன்படுத்தலாம், அவர் இந்தத் திட்டத்தில் சேர்ந்திருந்தால். ஷிஃப்ட் வேலைக்காரருக்குச் சில நேரம் அதுதான் வசதி. உங்கள் பக்கத்தில் தமிழ் பேசுகிற சைல்ட்மைண்டர்மாரும் இருக்கிறார்கள். பதிவு இல்லாமல் வீட்டில் பிள்ளை பார்க்கிறவர்களிடம் போனால் மேலே சொன்ன எதுவும் கிடைக்காது.

திங்கட்கிழமை நேர்சரிக்குப் போன் எடுத்து, விலையைக் கேட்பதற்கு முன், "ஜனவரியில் குழந்தை அறையில் 30 மணித்தியாலத் திட்டத்துக்கு மூன்று நாள் இடம் இருக்கிறதா, எந்த நாட்கள்?" என்று கேளுங்கள். இலவச மணித்தியாலத்தை எந்த நாளில், எந்த நேரத்தில் தருவது என்பதை அவர்கள்தான் தீர்மானிப்பார்கள். செவ்வாயும் புதனும் வெள்ளியும்தான் இருக்கிறது என்றால், கெயார் ஹோம் மனேஜரிடம் ரோட்டா மாற்றக் கேட்க உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. முற்பணம் கேட்டால், இலவச இடத்துக்கு வாங்கிய முற்பணத்தைத் திருப்பித் தர வேண்டும். எப்போது தருவீர்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.